‘பரவாயில்லை’ என்னும் சொல்லின் எடை: மனநலச் சேவையில் விளைவு அளவுகோல்களைத் தேர்தல்



இலக்கியமும் இலக்கணமும் முழங்கிப் பழகிய இம்மேடையில், மருத்துவமனைப் படிவம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு எங்களை அழைத்தபோது சற்றே தயங்கினோம். தலைப்பை எண்ணிப் பார்க்கப் பார்க்கத் தயக்கம் நீங்கியது. நீரிழிவின் நிலையைக் குருதி சொல்லும். எலும்பு முறிவை ஊடுகதிர்ப் படம் காட்டும். மனத்துயர் தணிந்ததா, மிகுந்ததா என்பதைக் காட்ட அத்தகைய கருவி இல்லை. நோயாளி கூறும் சொற்களும், அவரை அருகிருந்து பார்ப்பவர் கூறும் சொற்களுமே எங்களுக்குக் கிடைக்கும் சான்றுகள். ஆதலால் இன்றைய பேச்சும் மொழியைப் பற்றியதே.

நலம் வினவினால் நம் முதியோர் பெரும்பாலும் “பரவாயில்லை” என்பார்கள். ‘முன்பைவிட நன்று’ என்பதும் அதன் பொருள். ‘தாங்கிக்கொள்கிறேன்’ என்பதும் அதன் பொருள். ‘இதற்குமேல் கேட்காதீர்கள்’ என்பதும் அதன் பொருளே. இச்சொல்லை ஓர் எண்ணாக மாற்றுவது எங்கள் அன்றாடப் பணி. அவ்வாறு மாற்றும்போது எது தங்குகிறது, எது நழுவுகிறது என்பதையே இன்று உங்களோடு ஆராய விரும்புகிறோம்.

ஒரு தாயின் 4 தாள்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நாங்கள் பணியாற்றிய ஒரு நிலையத்திற்குக் கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் வந்தார். மனச்சோர்வை அளக்கப் பயன்படும் 9 வினாக்கள் கொண்ட படிவத்தைத் தமிழில் அளித்தோம். எழுத்துச் சிறியது, கண் தெரியவில்லை என்றார். உடன் வந்த மகள் ஒவ்வொரு வினாவாகப் படித்துச் சொல்ல, தாய் விடை கூற, மகளே குறியிட்டார். முதல் தாளின் கூட்டுத்தொகை 18. அடுத்தடுத்த வருகைகளில் அது 14, 11, 8 எனக் குறைந்தது. கோப்பில் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினோம். வருகைகளுக்கு இடையிலான காலத்தை நீட்டலாமா என்றும் பேசத் தொடங்கினோம்.

அந்நாளில் மகளால் வர இயலாத ஒரு வருகை நேர்ந்தது. தமிழ் பேசும் செவிலியர் ஒருவர் அருகில் அமர்ந்து, படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். விளக்கேற்றுவதை நிறுத்தி மாதங்கள் ஆகின்றன என்றார் அத்தாய். தாம் இருந்து யாருக்கு என்ன பயன் என்ற எண்ணம் நாள்தோறும் வருவதாகவும் சொன்னார். அதைப் பற்றிய ஒன்பதாம் வினாவுக்கு 4 தாள்களிலும் சுழியமே இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று செவிலியர் கேட்டதற்கு அவர் கூறிய விடையை நாங்கள் இன்றளவும் மறக்கவில்லை: “பெத்த பொண்ணுகிட்ட அத எப்படிம்மா சொல்றது?”

அத்தாய்க்கு உரிய கவனிப்பு அன்றே கிடைத்தது. ஆனால் பிழை எங்களுடையது. படிவம் தவறானதன்று, உலகெங்கும் ஆராயப்பட்ட படிவம் அது. அதைத் தேர்ந்த முறையிலும், கேட்ட முறையிலும், படித்த முறையிலும் நாங்கள் தவறினோம்.

அளக்கும் பழக்கம் வந்த வழி

மனநல மருத்துவத்தில் விளைவைப் பதிவு செய்யும் வழக்கம் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் மனநோய்க் காப்பகப் பதிவேடுகளில், வெளியேறிய ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ‘குணமடைந்தார்’, ‘சற்றுத் தேறினார்’, ‘தேறவில்லை’, ‘இறந்தார்’ என்னும் வகையில் ஒரு குறிப்பு இடம்பெற்றது. அக்குறிப்பை எழுதியவர் மருத்துவர். நோயாளியை யாரும் கேட்டதில்லை.

1960இல் மேக்ஸ் ஹாமில்டன் மனச்சோர்வுக்கான மதிப்பீட்டு அளவுகோலை வெளியிட்டார். அதுவும் மருத்துவர் நிரப்புவதே. அடுத்த ஆண்டில் ஏரன் பெக் வெளியிட்ட 21 வினாத் தொகுதியில் நோயாளியின் சொந்த விடைக்கு இடம் கிடைத்தது. நாங்கள் மேலே குறிப்பிட்ட பி.எச்.கியூ.-9 என்னும் படிவம் 2001இல் வெளிவந்தது. கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கட்டணம் இல்லை, சில நிமிடங்களில் நிரப்பலாம். அது எங்கும் பரவியதற்கு இவையும் காரணங்கள்.

அனுபவம் வாய்ந்த மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் இத்தகைய தாள் எதற்கு என்ற வினா எழலாம். அமெரிக்கப் பல்கலைக்கழக ஆலோசனை நிலையம் ஒன்றில் மைக்கேல் லாம்பர்ட் குழுவினர் நடத்தி 2005இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. 550 பேரில் யாருடைய நிலை மோசமாகும் என்று ஆலோசகர்களிடமே கேட்டனர். அவர்கள் 3 பேரைச் சுட்டினர். உண்மையில் 40 பேரின் நிலை மோசமாயிற்று. சுட்டப்பட்ட மூவருள் ஒருவர் மட்டுமே அந்த 40 பேரில் இருந்தார். தம் கைக்கு வந்தவர் தேறிவருகிறார் என்று நம்புவது மனித இயல்பு. அந்நம்பிக்கைக்கு வெளியிலிருந்து ஒரு சான்று தேவைப்படுகிறது.

எதற்காக அளக்கிறோம்?

அளவுகோலைத் தேர்வதற்கு முன் அதன் நோக்கத்தைத் தெளிவாக்க வேண்டும். துணிக்கடை முழக்கோலால் அரிசியை அளக்க முடியாது. மனநலச் சேவையிலோ, ஒரே தாளை எல்லா வேலைக்கும் நீட்டும் பழக்கம் மிகுதி.

நோய் இருக்கக்கூடுமா என்று சலித்துப் பார்ப்பது ஒரு நோக்கம். சிகிச்சை தொடங்கியபின் ஒருவர் மாறுகிறாரா என்று பார்ப்பது மற்றொன்று. ஒரு நிலையம் முழுவதும் எவ்வாறு செயல்படுகிறது என்று அறிவது மூன்றாவது. சலிக்க உதவும் படிவம், சிறு மாற்றத்தை உணராமற்போகலாம். தனி ஒருவருக்குப் பொருந்தும் நுட்பமான வினா, நூறு பேரைத் தொகுத்துப் பார்க்க உதவாமற்போகலாம்.

இங்கிலாந்து 2008ஆம் ஆண்டு தொடங்கிப் பேச்சுவழிச் சிகிச்சையை நாடு முழுவதும் விரிவாக்கியபோது, மனச்சோர்வுக்கு பி.எச்.கியூ.-9, பதற்றத்துக்கு 7 வினாக்கள் கொண்ட ஜி.ஏ.டி.-7 ஆகிய இரண்டையும் ஒவ்வொரு சந்திப்பிலும் நிரப்பச் செய்தது. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அளந்தால், இடையில் நின்றுவிட்டவர்களின் முடிவு கிட்டாது. டான்காஸ்டர், நியூஹம் ஆகிய இரு முன்னோடி இடங்களின் தரவுகளை ஆராய்ந்தபோது, அவ்வாறு விடுபட்டிருக்கக்கூடியவர்களின் முன்னேற்றம் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. வந்தவர்களை மட்டும் எண்ணும் நிலையம் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்கிறது என்பது இதனால் விளங்குகிறது.

ஆஸ்திரேலியாவின் பொது மனநலச் சேவைகள் வேறு வழியில் சென்றன. அங்கே சேர்க்கையின்போதும், 91 நாளுக்கு ஒருமுறை மறுஆய்வின்போதும், வெளியேறும்போதும் அளவீடு நிகழ்கிறது. நெடுங்காலம் நீடிக்கும் கடுமையான நோய்களுக்கு அந்த இடைவெளி பொருந்தும். 8 அல்லது 10 சந்திப்புகளில் முடியும் ஆலோசனைக்குப் பொருந்தாது. இரண்டும் தத்தம் இடத்தில் சரியே. ஒன்றை மற்றோரிடத்தில் அப்படியே நடும்போதுதான் இடர் தோன்றுகிறது.

யாருடைய கண் கொண்டு பார்ப்பது?

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நால்வகைக் கூறுடையதாகக் காண்பதை நீங்கள் அறிவீர்கள். நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்பன அந்நான்கு. விளைவை அளப்பதற்கும் இப்பகுப்பு நல்ல வழிகாட்டி. மருந்து பேசாது, மற்ற மூவரும் பேசுவார்கள். மூவரும் ஒன்றையே சொல்வதில்லை.

தீர்ப்பவரின் பார்வைக்கு ஹோனோஸ் என்னும் அளவுகோல் எடுத்துக்காட்டு. பிரிட்டனின் மனநல மருத்துவர் அரசக் கல்லூரி சார்பில் ஜான் விங் தலைமையில் 1990களில் உருவானது. கடந்த 2 வாரங்களின் நிலையை 12 கூறுகளில், 0 முதல் 4 வரை, பணியாளரே மதிப்பிடுவார். மாயக் குரல்களும் மருட்சியும் மிகுந்து, தம் நிலையைத் தாமே கூற இயலாத ஒருவருக்கு இது பொருத்தமானது. ஆனால் அவருக்கு வாழ்க்கை வாழத்தக்கதாகத் தோன்றுகிறதா என்பதை இது சொல்லாது.

நோயுற்றவரைக் கேட்டால் வேறு செய்திகள் வருகின்றன. குரல்கள் முற்றிலும் ஓயவில்லை, ஆனாலும் வேலைக்குச் செல்கிறேன் என்பவர் உண்டு. அறிகுறி எல்லாம் அடங்கிவிட்டது, ஆனால் மருந்து என்னை மரமாக்கிவிட்டது என்பவரும் உண்டு. அறிகுறியை மட்டும் அளந்தால் முதலாமவர் தோற்றவர், இரண்டாமவர் வென்றவர். அவர்களையே கேட்டால் தீர்ப்பு மாறும். இக்குறையை ஈடுசெய்யவே ஷெஃபீல்டு பல்கலைக்கழகம், சேவை பெறுவோரையும் ஈடுபடுத்தி, வாழ்க்கைத் தரத்தின் மீட்சியை அளக்கும் 10 வினாக்கள், 20 வினாக்கள் கொண்ட இரு படிவங்களை உருவாக்கியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 அளவுகோலின் 12 வினாக்களும் கடந்த 30 நாள்களின் நடைமுறை வாழ்வையே கேட்கின்றன: தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், வீட்டு வேலை, பொதுவாழ்வில் பங்கு.

அருகிருப்பவரின் பார்வை நம் குடும்பங்களில் மிக வலிமையானது. அதை விலக்கவும் கூடாது. நோயாளியின் விடையோடு கலக்கவும் கூடாது. எங்கள் கதையின் மகள் அன்புமிக்கவர். தாயைத் தவறாமல் அழைத்து வந்தவர். அவருக்கென ஒரு தனித் தாள் கொடுத்திருந்தால், வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதை அவரே எழுதியிருப்பார். நாங்களோ தாயின் தாளை அவர் கையில் கொடுத்தோம்.

எண் சொல்வதும் சொல்லாததும்

இங்கிலாந்தின் முறையில் பி.எச்.கியூ.-9 மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சைக்குரிய நிலை எனக் கொள்வர். சிகிச்சையின் முடிவில் அது 10-க்குக் கீழும், பதற்றத்தின் எண் அதற்குரிய எல்லைக்குக் கீழும் இறங்கினால் ‘மீட்சி’ எனக் கணக்கிடுவர். 10-இலிருந்து 9-க்கு வந்தவர் எல்லையைக் கடந்துவிட்டார். 26-இலிருந்து 12-க்கு வந்தவர் கடக்கவில்லை. உண்மையில் பெருந்துயரிலிருந்து எழுந்தவர் யார் என்பதை இந்த அவையே சொல்லும்.

இதை உணர்ந்தே ‘நம்பத்தகுந்த மாற்றம்’ என்ற கருத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். எந்த அளவுகோலிலும் இயல்பான ஊசலாட்டம் உண்டு. அதைத் தாண்டிய மாற்றத்தையே மாற்றம் எனக் கொள்ள வேண்டும். அங்கே பி.எச்.கியூ.-9-க்கு 6 மதிப்பெண்ணும், ஜி.ஏ.டி.-7-க்கு 4 மதிப்பெண்ணும் அந்த எல்லை. ஆகவே ஓர் அளவுகோலைத் தேர்பவர் முதலில் கேட்க வேண்டியது: எத்தனை மதிப்பெண் மாறினால் அது மெய்யான மாற்றம்? இதற்கு விடையில்லாத படிவத்தை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொள்ளாதிருப்பதே நன்று.

இவ்விதிகளின்படி எங்கள் மூதாட்டி என்ன ஆனார்? 18-இலிருந்து 8. மாற்றம் 10 மதிப்பெண். 10-க்குக் கீழும் வந்துவிட்டார். மனச்சோர்வு அளவுகோலைப் பொறுத்தவரை நம்பத்தகுந்த மீட்சி! பின்னர் 4 தாள்களையும் அடுக்கி வைத்து வினாவாரியாகப் பார்த்தோம். மருந்தினால் உறக்கம் வந்தது, பசி எடுத்தது, களைப்பு குறைந்தது, கவனம் சற்றுக் கூடியது. குறைந்த 10 மதிப்பெண்ணும் இந்த 4 வினாக்களிலிருந்தே வந்தவை. எதிலும் ஆர்வமில்லை என்ற முதல் வினாவின் 3, கடைசித் தாளிலும் 3 ஆகவே நின்றது. கூட்டுத்தொகையைப் பார்த்த எங்கள் கண்கள் அந்த வரியைப் பார்க்கவில்லை.

எண்ணுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. ஓர் அளவீடு எட்ட வேண்டிய இலக்காக மாறும்போது அது நல்ல அளவீடாக இருப்பதில்லை என்னும் கருத்தைப் பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் பெயரால் வழங்குவர். நிலையத்தின் நிதியோ பணியாளரின் பதவி உயர்வோ மதிப்பெண்ணைச் சார்ந்திருந்தால், எளிதில் தேறக்கூடியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசை எழும். கடுந்துயருற்றவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

தமிழில் கேட்கும்போது

இனி, இம்மேடைக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறோம். நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட நம் சிங்கப்பூரில், பேரன் ஆங்கிலப் படிவத்தையும் பாட்டி தமிழ்ப் படிவத்தையும் நிரப்புகிறார்கள். இருவர் எண்களும் ஒரே கணினியில், ஒரே பட்டியலில் சேர்கின்றன. இரண்டும் ஒன்றையே அளக்கின்றனவா?

மொழிபெயர்த்த படிவத்தை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து ஒப்பிடுவது வழக்கமான சோதனை. அது தேவையானதே, போதுமானதன்று. ‘நம்பிக்கையின்மை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்துக்குத் திருப்பினால் சரியாகவே வரும். ஆனால் தமிழில் நம்பிக்கை என்பது எதிர்காலத்தின் மீது வைக்கும் நம்பிக்கையும் ஆகும், பிறர்மீது வைக்கும் நம்பிக்கையும் ஆகும், இறைவன்மீது வைக்கும் நம்பிக்கையும் ஆகும். மனந்தளர்ச்சி, சோர்வு, நம்பிக்கையின்மை ஆகிய மூன்றையும் இரண்டாம் வினா ஒன்றாகக் கேட்கிறது. மகள் அதைப் படித்துவிட்டு, “நம்பிக்கை இல்லாம இருக்காம்மா?” என்று சுருக்கிக் கேட்டிருக்கிறார். தாய், “முருகன்மேல நம்பிக்கை இல்லாம இருக்குமா?” என்று கடிந்திருக்கிறார். மகள் சுழியத்தில் குறியிட்டார். மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை: தாயும் இல்லை, மகளும் இல்லை, மொழிபெயர்த்தவரும் இல்லை.

தமிழின் இருநிலை வழக்கு மற்றோர் இடர். படிவம் எழுத்துத் தமிழில் இருக்கிறது. துயரம் பேச்சுத் தமிழில் இருக்கிறது. “மனசு பாரமா இருக்கு”, “ஒண்ணும் பிடிக்கல”, “நெஞ்சு படபடங்குது” என்று சொல்பவரிடம் ‘ஈடுபாடின்மை’ என்ற சொல்லை நீட்டுகிறோம். அவர் விழிக்கும்போது பணியாளர் தம் சொந்தச் சொல்லில் விளக்குகிறார். ஒவ்வொரு பணியாளரும் ஒவ்வொரு விதமாக விளக்கினால், பணியாளர் எத்தனை பேரோ அத்தனை படிவங்கள் உருவாகிவிடுகின்றன. செந்தமிழில் எழுதுவது மொழிக்குச் செய்யும் மரியாதை என்று நம்மில் பலர் கருதுகிறோம். நோயாளியின் முன் வைக்கும் தாளில் அவருக்கு விளங்கும் சொல்லை எழுதுவதே அவருக்கும் மொழிக்கும் செய்யும் மரியாதை என்பது எங்கள் கருத்து.

‘பாதி நாள்களுக்கு மேல்’ என்பது போன்ற விடைகளும் இடர் தருபவை. 2 வாரத்தில் பாதி எத்தனை என்று கணக்கிட்டு விடையளிப்பவர் சிலரே. பலருக்கு “எப்போதாவது, அடிக்கடி, தினமும்” என்பதே இயல்பான பகுப்பு. வெள்ளிக்கிழமையையோ ஒரு திருநாளையோ நினைவுக்குறியாக வைத்துக் கேட்டால் எண்ணிச் சொல்ல எளிதாகிறது. ஆயினும் அச்சிட்ட சொல்லை அவரவர் விருப்பப்படி மாற்றினால் மதிப்பெண்ணின் பொருள் மாறிவிடும். மாற்றம் வேண்டுமாயின் முறைப்படி செய்ய வேண்டும்: தமிழ் பேசும் நோயாளிகளிடம் ஒவ்வொரு வினாவையும் காட்டி, “இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டு, அதன்பின் சொல்லைத் திருத்த வேண்டும். மருத்துவர் மட்டும் செய்யக்கூடிய பணியன்று இது. இந்த அவையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி.

தேர்வுக்குச் சில வழிகள்

எங்கள் பட்டறிவிலிருந்து சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

ஒன்று: குறைவாகத் தேர்வோம். அறிகுறிக்குச் சுருக்கமான ஒரு படிவம், அன்றாட வாழ்வுக்கு ஒன்று, இரண்டும் போதும். 40 வினாக்களை நிரப்பிக் களைத்தவர் கடைசிப் பக்கத்தில் ஒரே நேர்கோடாகக் குறியிடுவார்.

இரண்டு: நோயாளி தாமே கூறும் ஓர் இலக்கை அவர் சொற்களிலேயே எழுதிவைப்போம். “வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டும்” என்பது எந்த உலக அளவுகோலிலும் இல்லை. அந்தத் தாய்க்கு அதைவிடச் சரியான அளவுகோலும் இல்லை.

மூன்று: நிரப்பியவரோடு அமர்ந்து அத்தாளைப் படிப்போம். மாதக்கணக்கில் தாள் நிரப்பிய ஒருவர், “இதையெல்லாம் யாராவது படிக்கிறீர்களா?” என்று எங்களைக் கேட்டதுண்டு. படிக்காத தாளுக்கு உண்மை எழுத யாருக்கும் கடமையில்லை. கூட்டுத்தொகைக்கு முன் ஒவ்வொரு வரியையும், அதிலும் ஒன்பதாம் வரியை, அன்றே பார்க்க வேண்டும். அதில் சுழியம் அல்லாத விடை வந்தால் என்ன செய்வது என்று முன்னரே முடிவு செய்திராத நிலையம் அவ்வினாவைக் கேட்கத் தகுதி பெறவில்லை.

நான்கு: தனியே கேட்போம். குடும்பத்தார்க்குத் தனித் தாள், தனி இருக்கை. கண் தெரியாதவர்க்குப் பயிற்சி பெற்ற பணியாளர் படித்துக் காட்டட்டும்.

ஐந்து: சேவையை மேம்படுத்த எண்ணைப் பயன்படுத்துவோம், பணியாளரைத் தண்டிக்கப் பயன்படுத்தாதிருப்போம்.

நிறைவாக

2016ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, இங்கே ஏறத்தாழ 7 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனநலக் கோளாறுக்கு ஆளாகிறார். அவர்களுள் முக்கால் பங்கிற்கும் மேற்பட்டோர் எந்த உதவியையும் நாடவில்லை. நாணமும் அச்சமும் கடந்து வந்து நம் முன் அமர்பவர் சிறுபான்மையினர். அவர்களிடம் நாம் கேட்கும் சில வினாக்களேனும் அவர்களுக்கு விளங்கும் சொற்களில் அமைய வேண்டாமா?

அந்த மூதாட்டியின் ஐந்தாம் தாளைச் செவிலியர் படித்துக் கேட்டார். கூட்டுத்தொகை 8-இலிருந்து 19-க்கு ஏறியது. பட்டியலில் அது பின்னடைவு. அவரைக் கவனித்த நாங்கள் அறிவோம், அன்றுதான் சிகிச்சை உண்மையில் தொடங்கியது. பல மாதங்களுக்குப் பின்னர், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் மீண்டும் “பரவாயில்லை” என்றார். இம்முறை நாங்கள் அச்சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளவில்லை. விளக்கேற்றினீர்களா என்று கேட்டோம். இரண்டு வாரமாக ஏற்றுகிறேன் என்றார்.